ஓர் இரவு மேடைக்கும் புகார்க் குழு வேண்டுமா?

மேலூர் நாடக ரசிகர்:
மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் பாலியல் துன்பங்களை ஆராயக் கேரள அரசு 2017-இல் அமைத்த நீதிபதி ஹேமா குழு, 2019 இறுதியில் கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. அதன்பின் சென்னையில் நடிகர் சங்கம், பாலியல் குற்றம் உறுதியானால் ஐந்தாண்டுத் தடை என்று தீர்மானித்தது. வள்ளி திருமணம் நாடகம் பார்த்து வளர்ந்த நாம், நம் ஊர் மேடையில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம், போடும் பெண் யாரிடம் முறையிடுவாள் என்று கேட்டதே இல்லை. இங்கும் ஒரு குழு வேண்டும்.

உசிலம்பட்டி நாடக அமைப்பாளர்:
ஏற்க முடியவில்லை. ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது; கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் கோமாளியான பபூன் வேறோர் ஊரிலிருந்தும் வந்து இரவில் மேடையில் சந்தித்து, விடிந்ததும் பிரிந்துவிடுகிறார்கள். இதில் முதலாளி யார்? ஒருவர் பெயர் வாட்ஸ்அப்பில் சுற்றினால், விசாரணைக்கு முன்பே பங்குனி, சித்திரை நாடகங்கள் அவர் கைவிட்டுப் போகும். ஆண்டு முழுவதற்குமான சோறு அந்த இரண்டு மாதத்தில்தான் இருக்கிறது. உண்மையான குற்றத்துக்குக் காவல் நிலையம் இருக்கிறது.

முன்னாள் ஸ்திரீபார்ட் கலைஞர்:
முதலாளி யார் என்று அண்ணன் கேட்ட அதே கேள்வியால்தான் நான் பதினாறு ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. நத்தம் பக்கம் நாடகம் முடிந்து விடியற்காலையில் வேனில் திரும்பும்போது, தேதி கொடுக்கும் ஏஜெண்ட் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து செய்ததை நான் உதறித் தள்ளினேன். அவர் கோபப்படவில்லை, மறு ஆண்டு பங்குனியில் எனக்கு ஒரு நாடகம்கூட வரவில்லை, அவ்வளவுதான். ஒப்பனைக்கு எங்களுக்குக் கொடுப்பது தாழ்ப்பாள் இல்லாத பள்ளிக்கூட அறை. காவல் நிலையத்துக்குப் போனால், இராத்திரியில் ஆடப் போனவள்தானே என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. பெயர் கெட்டுவிடும் என்று அண்ணன் அஞ்சுகிறார். என் பெயர் கெட்டுப்போனதை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கறிஞர்:
முதலாளி யார் என்பதற்கு, பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. தினக்கூலியாகவோ, தற்காலிகமாகவோ, ஏஜெண்ட் மூலமாகவோ அமர்த்தப்பட்டவரும் அதன்படி பணியாளர்தான்; வேலைக்காக ஏற்பாடு செய்யப்பட்ட வண்டியும் பணியிடம்தான். பத்துப் பேருக்குக் குறைந்த இடமானாலும், புகார் முதலாளி மீதே ஆனாலும், அச்சட்டப்படி மாவட்டந்தோறும் அமைக்கப்படும் உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை தொண்ணூறு நாளில் முடிய வேண்டும். இரு தரப்பாரின் பெயரையும் வெளியிடக் கூடாது என்று 16-ஆம் பிரிவு சொல்வதால், அமைப்பாளர் அஞ்சும் வாட்ஸ்அப் விசாரணைக்கு இதுவே தடை.

உசிலம்பட்டி நாடக அமைப்பாளர்:
வண்டியும் பணியிடம் என்பதை இன்றுதான் அறிகிறேன்; தங்கைக்கு நடந்தது அநியாயம். ஆனாலும் புகார் என்ற பேச்சு எழுந்தாலே, பெண்கள் இல்லாத நிகழ்ச்சி போதும் என்று திருவிழாக் கமிட்டிகள் ஒதுங்கும் என்ற என் அச்சம் தீரவில்லை.

முன்னாள் ஸ்திரீபார்ட் கலைஞர்:
ஸ்திரீபார்ட் இல்லாமல் வள்ளி திருமணத்தை யாரை வைத்து நடத்துவார்கள், அண்ணே? நாடக நோட்டீஸில் எங்கள் படங்களைப் பெரிதாக அச்சடிக்கிறீர்கள். அதன் கீழே அந்த உள்ளூர்க் குழுவின் தொலைபேசி எண்ணையும் ஒரு வரியில் சேர்க்க வருகிற பங்குனிக்குள் ஒப்புக்கொள்வீர்களா?