மழை இரவில் கேட்கும் தவளைக் குரல்களை இனம் பிரிப்பது எப்படி?

கேள்வி (நாகமலைவாசி):
வணக்கம். மதுரைக்கு மேற்கே, நாகமலை அடிவாரத்தில், வயலை ஒட்டிய வீட்டில் குடியிருக்கிறேன். ஐப்பசி மழை வலுத்த நாளிலிருந்து பின்புறம் தேங்கிய நீரில் மூன்று குரல்கள் கலந்து கேட்கின்றன. முதலாவது, அடித்தொண்டையிலிருந்து எழும் 'குறாங், குறாங்'. இரண்டாவது, சீப்பின் பற்களில் நகத்தை இழுத்தாற்போன்ற 'கிர்ர்ர்'. மூன்றாவது, குளியலறைச் சன்னலருகே யாரோ பலகையைத் தட்டுவது போன்ற 'டக், டக், டக்'. டார்ச்சுடன் போனால் அத்தனையும் அடங்கிவிடுகின்றன. இவை எந்தெந்த இனங்கள்?

மறுமொழி 1 (கண்மாய்க்கரை):
முதலாவது பெரும்பாலும் வயல்களில் காணும் பெரிய தவளையான ஹோப்லோபாட்ரக்கஸ் டைகரினஸ். கனமழைக்குப் பின் இனப்பெருக்கத்துக்குக் கூடும் ஆண்கள் மஞ்சள் நிறமேறி, தொண்டையின் இரு பக்கமும் நீலநிறக் குரற்பை புடைக்கக் கத்துவதால், கண்ணில் பட்டால் ஐயமே எழாது. சன்னலருகே தட்டுவது மரத்தவளை. தண்ணீருக்கு மேலே தொங்கும் இலையிலோ தொட்டிச் சுவரிலோ அது முட்டையிடும் வெண்ணிற நுரைக்கூடு இருக்கிறதா என்று காலையில் பாருங்கள்.

சீப்பொலிதான் பலரை ஏமாற்றுகிறது. அத்தனை உரத்த குரலுக்குக் கைப்பிடியளவு உடலைத் தேடுவோம்; ஆனால் அப்படிக் கத்தும் மைக்ரோஹைலா ஒர்னேட்டா என்னும் குட்டித் தவளை ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர்தான், அதுவும் நீரோரப் புல்லின் அடியில் ஒண்டியிருக்கும். வெளிச்சத்தை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள், கச்சேரி தானாகத் தொடங்கும். இருவர் தள்ளித்தள்ளி நின்று, குரல் வரும் திசையை ஒரே நேரத்தில் கைகாட்டினால், இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் தவளை இருக்கும்.

மறுமொழி 2 (வயல்வெளி):
ஒரு திருத்தம் சேர்க்கிறேன். நிறுத்தாமல் நெடுநேரம் ஒரே சுருதியில் 'குர்குர்குர்' என்று நீண்டால் அது சொறித்தேரை; அதன் முட்டைகள் கருமணி கோத்த கூழ்ச்சரமாக நீரில் கிடக்கும். குளிர்ந்த இரவில் கத்தும் வேகம் குறைந்துவிடும் என்பதால், கைப்பேசியில் பதியும்போது நாள், நேரம், மழை ஆகியவற்றோடு வெப்பநிலையையும் குறித்துவையுங்கள். தவளை கூடும் இடத்துக்குப் பாம்பும் இரைதேடி வரும். முழங்கால் வரை மறைக்கும் பூட்ஸ் இல்லாமல் புல்லுக்குள் இறங்க வேண்டாம்.

நாகமலைவாசி:
மிக்க நன்றி. நேற்றிரவு விளக்கை அணைத்துக் காத்திருந்தோம். என் மகள் சுட்டிய கோரைப்புல் அடியில், முதுகில் கருமையான அம்புக்குறி போன்ற கோலத்துடன், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய தவளை ஒன்று, தன் உடலளவுக்குத் தொண்டையை ஊதிக்கொண்டிருந்தது. தொட்டிச் சுவரிலும் நுரைக்கூடு இருக்கிறது. ஆகவே குஞ்சுகள் நீரில் இறங்கும்வரை தொட்டியைக் கழுவாமல் விட்டிருக்கிறோம்.