கடைமடைப் பாசனம் பற்றி பி.எச்டி., செலவுக்குப் பணம் எங்கே கேட்பது?

கடைமடைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். டெல்டாவில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பொருளாதாரத்தில் முழுநேர பி.எச்டி. செய்கிறேன். வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில், அதாவது வாய்க்கால் போய் முடியும் பகுதியில், தண்ணீர்ப் பங்கீடுதான் தலைப்பு. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் அது என்றைக்கு வந்து சேருகிறது, முறைப்பாசனம் (முறை வைத்து மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவது) என்று அறிவித்த பிறகு எந்த வாய்க்காலுக்கு முதலில் போகிறது, மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் யார் பேச்சு எடுபடுகிறது, இதெல்லாம். உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வான நெட் தேறிவிட்டேன், அதே தேர்வில் மேலே வருகிறவர்களுக்குக் கிடைக்கும் ஜே.ஆர்.எப். உதவித்தொகை வரவில்லை. ஊர் ஊராகப் போகும் பஸ் செலவு, வினாத்தாள் ஜெராக்ஸ், எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் தங்கும் செலவு, எல்லாம் வீட்டுப் பணம். கைடு நல்ல மனுஷர், ஆனால் நிதி என்று வாயெடுத்தால் ‘வரும்மா, பாத்துக்கலாம்’ என்பதோடு சரி. கூகுளில் தேடினால் பாதி தேதி முடிந்துபோன அறிவிப்பு, மீதி நம்மிடமே பணம் கேட்கும் சர்வதேச மாநாடு. எங்கே தேடுவது, எப்படித் தேடுவது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரசலாறு:
அம்மா, முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆய்வுத் திட்டத்துக்குத் தரும் பணம் வேறு, ஆய்வாளருக்குத் தரும் உதவித்தொகை வேறு. திட்டப் பணம் பெரும்பாலும் நிரந்தர ஆசிரியர் பெயரில்தான் வரும், மாணவர் விண்ணப்பித்தால் தகுதிப் பட்டியலிலேயே தள்ளிவிடுவார்கள். ஆனால் கைடு ஒரு திட்டம் வாங்கினால் அதில் உங்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள வழி இருக்கும், அதை அவரிடம் நேரடியாகவே கேளுங்கள், கூச்சப்பட்டால் ஆகாது.

உங்களுக்கு நேராகப் பொருந்துவது ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். முனைவர் பட்ட உதவித்தொகை. 1969-இல் தொடங்கிய தில்லி அமைப்பு, சமூக அறிவியலுக்கென்றே இருப்பது. நான் பார்த்த அறிவிப்புகளில் மாதம் 20,000 ரூபாய், அதோடு எதிர்பாராச் செலவுக்கு ஆண்டுக்கு ஒரு தொகை. முழுநேரம் என்பதால் நீங்கள் தப்பித்தீர்கள், பகுதிநேரத்துக்குக் கிடையாது. ஜே.ஆர்.எப். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ஆகிவிட்டது, வயது இருந்தால் இன்னொரு முறை எழுதிப் பாருங்கள். எஸ்.சி., ஓ.பி.சி. பிரிவுக்கான தேசிய உதவித்தொகைகளுக்கும் நெட் மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள், நெட் விண்ணப்பப் படிவத்தில் அதற்கான கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு அப்புறம் புலம்புகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022 டிசம்பரில் நிறுத்தியாகிவிட்டது, பழைய பக்கத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை என்று மாதம் 25,000 உண்டு, ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுக்கிறது. எந்த வகைக் கல்லூரிக்கு என்பதை அறிவிப்பில் ஊன்றிப் படியுங்கள், உதவி பெறும் கல்லூரிகளுக்கு இந்த மாதிரி இடத்தில்தான் கதவு சாத்தும்.

எப்படித் தேடுவது என்றீர்களே, கூகுளில் ‘நிதி’ என்று தேடாதீர்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இணையத்தில் வைத்திருக்கும் சோத்கங்காவுக்குப் போங்கள். பாசனம், நீர்ப்பங்கீடு என்று உங்கள் தலைப்புக்குப் பக்கத்தில் வரும் ஆய்வேடுகளை எடுத்து முதல் சில கோப்புகளைத் திறங்கள். சான்றிதழ், உறுதிமொழி தாண்டி நன்றியுரை வரும். கடவுள், கைடு, அப்பா அம்மா, ஹாஸ்டல் தோழிகள் எல்லோரும் வரிசையாக வருவார்கள், அதற்கு நடுவில் ஒற்றை வரியில் யார் பணம் தந்தார்கள் என்று இருக்கும். இருபது முப்பது ஆய்வேடு பார்த்தால் இந்தத் தலைப்புக்கு எவன் காசு கொடுக்கிறான் என்று தெரிந்துவிடும். ஆய்வுக் கட்டுரைகளிலும் இதே போல்தான், அங்கே கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். எந்த இணையதளப் பட்டியலும் இதற்கு ஈடில்லை.

ஆடுதுறை 43:
சார் சொன்ன நன்றியுரை விஷயம் நூற்றுக்கு நூறு. நான் அறிவியல் பக்கம், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அறிவியல் ஆய்வுக்கு நிதி தந்துகொண்டிருந்த மத்திய அமைப்பான எஸ்.இ.ஆர்.பி. பெயரில் இன்னும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். 2023-இல் சட்டம் போட்டு ஏ.என்.ஆர்.எப். வந்து அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது, புதிய அறிவிப்பெல்லாம் இதன் பெயரில்தான் வருகிறது. மாநில அளவில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இருக்கிறது, மாணவர் திட்டங்களுக்கும் தருகிறது. தொகை சின்னதுதான், ஆனால் முதல் முதலாக ஒரு முன்மொழிவு எழுதிப் பழக நல்ல இடம்.

அக்கா, உங்கள் தலைப்புக்கு வேளாண்மை, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆராய்ச்சி, மேம்பாட்டுக்கென்று தனி நிதி வைத்திருக்கிறார்கள், நிறுவனம் வழியாகத்தான் போகணும். மாவட்ட வளர்ச்சி மேலாளர் என்று அவர்கள் ஆள் ஒருவர் இருப்பார், கைடை அழைத்துக்கொண்டு போய் ஒரு தடவை நேரில் பேசுங்கள். மெயில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் சம்பா அறுவடையே முடிந்துவிடும்.

கடைமடைக்காரி:
ரொம்ப நன்றி சார், நன்றி தம்பி. இரண்டு சந்தேகம். அறிவிப்பு வந்து மூன்று நான்கு வாரத்தில் தேதி முடிகிறது, அதற்குள் கல்லூரி முதல்வர் கையெழுத்து, முத்திரை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் எப்படி வாங்குவது? அப்புறம் பட்ஜெட் கேட்டால் என்ன எழுதுவது, கூடக் கேட்டால் தள்ளிவிடுவார்களா?

ஆபீஸ் ரூம் ஆசாமி:
மேடம், கல்லூரி அலுவலகத்தில் இந்த பைலெல்லாம் பார்க்கிறவன் நான், என் பக்கத்தைச் சொல்கிறேன். அறிவிப்பு வந்த பிறகு எழுத ஆரம்பித்தால் தாமதம்தான். போன வருட அறிவிப்பை எடுத்து அதே படிவத்தை இப்போதே நிரப்பி வையுங்கள், கேள்விகள் பெரிதாக மாறாது. பரிந்துரைக் கடிதத்தை ‘அடித்துக் கொடுங்க சார்’ என்று எங்களிடம் கேட்காதீர்கள், நிதி தரும் அமைப்பு கொடுத்த வாசகத்தை அப்படியே லெட்டர்ஹெட்டில் டைப் செய்து, கையெழுத்து வரும் இடத்தில் பெயர், பதவியோடு கொண்டு வந்தால் அன்றைக்கே உள்ளே போகும். தேர்வு நடக்கிற வாரத்தில் மட்டும் வராதீர்கள்.

பட்ஜெட்டில் குறைத்துக் கேட்டால் நல்ல பெயர் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. ‘பயணம் 50,000’ என்று மொட்டையாக எழுதினால்தான் சந்தேகம் வரும். எத்தனை ஊர், ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை தடவை, பஸ் கட்டணம் எவ்வளவு, உதவிக்கு ஒரு ஆள் வந்தால் தினக்கூலி எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால் கூட்டுத்தொகை பெரிதாக இருந்தாலும் கேட்க மாட்டார்கள். கைடு பெயரில் மத்திய அரசுத் திட்டம் எதுவும் வாங்கினால் பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை 12-ஏ படிவத்தில் கொடுக்கணும், அது போகாமல் அடுத்த தவணை வராது. பஸ் டிக்கெட்டைப் பர்ஸில் போட்டு வைக்காதீர்கள், மை அழிந்து வெள்ளைத் தாளாகிவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து, பின்னால் ஊர் பெயரும் தேதியும் பேனாவில் எழுதி ஒட்டி வையுங்கள்.

‘நிதி வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களைப் பிளாக் செய்யுங்கள். பேச்சே வேண்டாம்.

உப்பளத்துக்காரன்:
நான் வேதாரண்யம் பக்கம். உங்கள் ஆய்வில் ஊர்க் கணக்கு, பழைய மராமத்து நோட்டு, ஓலை மாதிரி ஏதாவது யார் வீட்டிலாவது கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். பிரிட்டிஷ் நூலகம் 2004-இலிருந்து அழியும் நிலையில் உள்ள ஆவணங்களை டிஜிட்டல் ஆக்க நிதி கொடுக்கிறது, மூல ஆவணம் ஊரிலேயே இருக்கலாம், எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். ஆனால் ரொம்பப் பழைய பொருளாக இருக்கணும், நிறுவனம் ஒன்று கூட நிற்கணும், வெளிநாட்டுப் பணம் என்பதால் எப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நிதி பெறுவதற்கான சட்டம்) விஷயத்தைக் கல்லூரியில் முதலிலேயே கேட்டுவிடுங்கள், அங்கேதான் பலருக்கு முட்டுகிறது. அப்புறம் பெங்களூரில் இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை இருக்கிறது, அங்கே தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். பாசனத்துக்குத் தர மாட்டார்கள், நடவுப் பாட்டுப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் பார்க்கட்டும்.

கடைமடைக்காரி:
எங்கள் ஊரில் ஒரு பெரியவர் வீட்டில் மதகு திறந்த தேதி எழுதிய நோட்டு இருப்பதாகச் சொன்னார்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். பழைய படிவத்தை இன்றைக்கே எடுத்துவிட்டேன், முன்மொழிவு மட்டும் யாராவது ஒருமுறை படித்துப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

அரசலாறு:
அனுப்புங்கள் அம்மா, பார்த்துத் தருகிறேன். முதல் பக்கத்தில் காவிரியின் பெருமை, கரிகாலன், கல்லணை எல்லாம் வேண்டாம், படிக்கிறவருக்கு அது தெரியும். உங்கள் கேள்வி என்ன, எந்த ஊர்கள், ஏன் அந்த ஊர்கள், இது முதல் பத்தியிலேயே வரணும். யூனிகோடில் டைப் செய்யுங்கள், பழைய எழுத்துருவில் அனுப்பினால் என் கணினியில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.