ஸ்கேட்போர்டு, போசர்: தமிழ்ல என்னன்னு வைக்கலாம்?

குழுல எல்லாருக்கும் வணக்கம்,

ஒரு சிற்றிதழுக்கு கட்டுரை எழுதிட்டு இருக்கேன், விளம்பரத்துல, பொம்மைல, சினிமால எல்லாம் ஸ்கேட்போர்டு எப்படி வருதுன்னு. ரெண்டு வார்த்தைல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். ஒண்ணு ஸ்கேட்போர்டேதான். இன்னொண்ணு போசர்.

ஸ்கேட்போர்டுக்கு சறுக்குப்பலகைன்னு சிலர் எழுதுறாங்க, எனக்கு அது ஒட்டவே இல்ல. சறுக்குமரம்னா பார்க்குல பிள்ளைங்க ஏறி எறங்குறது, பனிச்சறுக்குன்னா ஸ்கீயிங், ஆனைக்கும் அடி சறுக்கும்னா வழுக்கி விழுறது. இதுல நாலு சக்கரம் இருக்கு, உருளுது, சறுக்கல. அதனால உருள்பலகைன்னு வச்சா என்ன?

போசர்தான் கஷ்டம். போர்டு ஓட்டுறவங்க கிட்ட இதைவிட பெரிய வசவு இல்ல. கையில போர்டு இருக்கும், ஷூ சரியா இருக்கும், டீசர்ட்டும் சரியா இருக்கும், ஆனா ஓட்டத் தெரியாது. என் கட்டுரையே இதைச் சுத்திதான் போகுது, ஏன்னா விளம்பரத்துல வர்ற போர்டு நெறைய ஓடுறதே இல்ல, குளிர்பானமோ ஜீன்சோ செல்போனோ எதை வித்தாலும் ‘நாங்க இளசு’ன்னு சொல்றதுக்கு ஒருத்தர் கையில அதைக் கொடுத்து நிக்க வச்சிடுறாங்க. பிடிச்சிருக்கிற விதத்திலேயே குட்டு வெளிப்பட்டுடும், சக்கரம் மாட்டுற அந்த உலோக அச்சைப் பிடிச்சு பை மாதிரி தொங்கவிட்டிருப்பாங்க, அதுக்கு மால் கிராப்னு தனியா ஒரு கேலிப்பேரே இருக்கு. சில போட்டோல அச்சே திருப்பி மாட்டியிருக்கும். ரெண்டு அச்சுலயும் நடுவுல இருக்கிற பெரிய போல்ட் ஒண்ணை ஒண்ணு பாத்து உள்பக்கம் இருக்கணும், இவங்களுது வெளிய பாத்துட்டு நிக்கும். மாட்டுவண்டிக்கு நுகத்தடியைப் பின்னாடி கட்டின கதைதான்.

வேடதாரி, பாவனையாளர், போலின்னு எழுதிப் பாத்தேன். வேடதாரின்னா சாமியார் ஞாபகம் வருது, போலின்னா டாக்டர் ஞாபகம் வருது. உதவி பண்ணுங்க.

– மு.

---

தம்பி மு.,

உருள்பலகையா? எனக்கு சப்பாத்திதான் ஞாபகம் வருது. வீட்டுல கேட்டுப் பாரும், கட்டையும் பலகையும் எடுத்துட்டு வந்து நிப்பாங்க.

சறுக்கை அவ்வளவு சீக்கிரம் தள்ளிடாதீரும். இந்த ஆட்டம் பொறந்ததே கலிபோர்னியாவுல, கடல்ல அலை இல்லாத நாள்ல சர்ஃபிங் பசங்க தரையில அதே மாதிரி போகணும்னு ஆரம்பிச்சது, ஆரம்பத்துல அதுக்குப் பேரே நடைபாதை சர்ஃபிங்தான். 1965 மே மாசம் லைஃப் பத்திரிகை அட்டையில பாட்டி மெக்கீங்கிற பொண்ணு போர்டு மேல தலைகீழா கையால நிப்பாங்க, பாத்திருப்பீர். (பாட்டின்னதும் கிழவின்னு நினைச்சுடாதீரும், அப்ப அவங்க அமெரிக்க மகளிர் சாம்பியன், சின்னப் பொண்ணு.) அலைச்சறுக்குன்னு நாம ஏத்துக்கிட்டோமே, அதோட தங்கச்சியா சறுக்குப்பலகை இருந்துட்டுப் போகட்டுமே. அப்புறம் கம்பி மேல, திண்ணை விளிம்பு மேல போர்டோட வயித்தை வச்சு வழுக்கிட்டுப் போறாங்களே, அது சறுக்கு இல்லாம வேற என்ன?

போசருக்கு எனக்கு ஒண்ணும் தோணல. வயசாச்சு.

– கோ.

---

ஐயா சொல்றதும் சரி மு. சொல்றதும் சரி, ஆனா ரெண்டு பேரும் நம்ம தெருவை மறந்துட்டீங்க. பேரிங் வண்டி! மதுரைல எங்க தெருவுல பசங்க லாரி ஒர்க்‌ஷாப்ல கெஞ்சி பழைய பால் பேரிங் வாங்கிட்டு வந்து ஒரு பலகைல மாட்டி, முன்னாடி ஒரு குறுக்குக்கட்டை வச்சு, மேட்டுல இருந்து கரகரன்னு எறங்குவாங்க, மத்தியானம் தூங்குற கிழங்கட்டைங்க எல்லாம் எந்திரிச்சு வைய்யும். எங்க அண்ணன் அதுல விழுந்து வாங்கின தழும்பு இன்னும் முட்டில இருக்கு.

அமெரிக்கால மட்டும் என்ன, மொதல்ல வந்ததெல்லாம் ரோலர் ஸ்கேட் சக்கரத்தைப் பிரிச்சு பலகைல அடிச்சதுதான். 1985ல வந்த பேக் டு தி ஃப்யூச்சர் படத்துல கதாநாயகன் 1955க்குப் போயி ஒரு சின்னப் பையனோட பெட்டி வச்ச வண்டியைப் பிடுங்கி, மேல இருக்கிற பெட்டியை ஒடைச்சு எறிஞ்சிட்டு கீழ இருக்கிற பலகைல ஏறி ஓட்டுவான்ல, அது நம்ம பேரிங் வண்டிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம் மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சது. உருளு, சறுக்குன்னு வினையைத் தேடாம கண்ணுக்குத் தெரியுறதைச் சொல்லுங்க. சக்கரம் இருக்கு, பலகை இருக்கு. சக்கரப்பலகை.

போசருக்கு எங்க ஸ்கூல் பிள்ளைங்களைக் கேட்டா சீன் பார்ட்டிம்பாங்க. கட்டுரைல போட முடியுமான்னு நீங்கதான் சொல்லணும்.

– செ.

---

அக்கா, ஐயா, ரெண்டு பேருக்கும் நன்றி,

> சக்கரம் இருக்கு, பலகை இருக்கு. சக்கரப்பலகை.

விழுந்துட்டேன். இதுல இன்னொரு லாபமும் இருக்கு. கட்டுரைல பொம்மை பத்தி ஒரு பகுதி வருது, விரலால ஓட்டுற குட்டி போர்டு, கடைல டெக் டெக்னு பேர் போட்டு அட்டைல ஒட்டித் தொங்குமே அதுதான். அதுக்கு விரல்பலகைன்னு எழுதி வச்சிருந்தேன், வயலின் வாசிக்கிற நண்பர் ஒருத்தர் சிரிச்சுட்டார், நாங்க கம்பியை அழுத்துற இடத்துக்கு அந்தப் பேரை ஏற்கெனவே வச்சாச்சுப்பான்னு. இப்ப பேரிங் வண்டியைக் கேட்டதும் விரல்வண்டின்னு தானா வந்துடுச்சு.

இந்த விரல்வண்டி கதை கொஞ்சம் சுவாரசியமானது, சொல்லிட்டுப் போறேன். இதை மொதல்ல பொம்மை கம்பெனி கண்டுபிடிக்கல. ஓட்டுற பசங்களே விளையாட்டா வீட்டுல செஞ்சுக்கிட்டது, லான்ஸ் மவுண்டன்னு பெரிய ஓட்டக்காரர் 1985ல வந்த ஒரு ஸ்கேட் வீடியோல பாத்திரம் கழுவுற தொட்டிக்குள்ள அதை ஓட்டிக் காட்டுவார். 1998ல டெக் டெக் கடைக்கு வந்தப்ப நீளம் 96 மில்லிமீட்டர், மேல உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, அடில நிஜ போர்டு கம்பெனிங்களோட படத்தையே உரிமம் வாங்கி அச்சடிச்சிருந்தாங்க. அதனால என்ன ஆச்சுன்னா காலால ஓட்டாத பையன் கூட எந்தக் கம்பெனி, எந்த ஓட்டக்காரர்னு கிரிக்கெட் கார்டு சேக்குற மாதிரி மனப்பாடமா சொன்னான். அடுத்த வருஷம், 1999ல, டோனி ஹாக்ங்கிற ஓட்டக்காரர் எக்ஸ் கேம்ஸ் போட்டில ஆகாசத்துல ரெண்டரை சுத்து சுத்தி எறங்கினார், அதே வருஷம் அவர் பேர்ல வீடியோ கேமும் வந்துச்சு, அப்புறம் கேக்கணுமா.

விரலால மட்டும் ஓட்டுற அந்தப் பையனும் போசரா? இல்லன்னுதான் நினைக்கிறேன். விரல்வண்டி ஓட்ட நெஜமாவே விரல் பழகணும், அவன் ஓட்டத்தான் செய்யுறான். இதை யோசிக்கும்போதுதான் சொல்லும் கெடச்சுது. ஓட்டுறவங்க பலகையோட்டி. ஓட்டாம வச்சிருக்கிறவங்க பலகைதூக்கி.

பல்லக்குத்தூக்கின்னு காதுல ஏற்கெனவே ஒரு சத்தம் இருக்குல்ல, பல்லக்குக்குப் பதிலா பலகை, தூக்குறது மட்டும்தான் அவன் வேலை, ஏறிப் போறது வேற யாரோ. விளம்பரத்துல நிக்கிற மாடல் பாவம் அதேதான், சம்பளத்துக்குத் தூக்குறார். அக்கா சொன்ன சீன் பார்ட்டி எனக்கும் பிடிக்கும், ஆனா அது பைக்குக்கும் பொருந்தும் கூலிங்கிளாசுக்கும் பொருந்தும், போர்டு அதுல இல்ல.

ஹோவர்போர்டையும் சேத்துக்கிறேன். 1989ல வந்த பேக் டு தி ஃப்யூச்சர் ரெண்டாம் பாகத்துல மேட்டல்ங்கிற பொம்மை கம்பெனி முத்திரை போட்ட ஒரு பிங்க் போர்டு சக்கரமே இல்லாம மிதக்கும். அந்தப் பேரை அப்புறம் 2015 வாக்குல ரெண்டு சக்கர மோட்டார் பலகைக்கு ஒட்டி வித்தாங்க, அது ஒரு இஞ்ச் கூட மிதக்காது. அதுக்கு மிதவைப்பலகைன்னு மொழிபெயர்த்தா நாமளும் அந்தப் பொய்ல பங்காளி ஆயிடுவோம், அதனால ஹோவர்போர்டுன்னே விட்டுடுறேன்.

நம்ம பக்கம் மாமல்லபுரத்து கமலியைப் பத்தி ஒரு பத்தி உண்டு. கவுன் போட்டுக்கிட்டு வெறுங்காலோட சரிவுல எறங்குற அந்தப் பொண்ணோட படத்தை டோனி ஹாக்கே பகிர்ந்திருந்தார். சரியான ஷூ இல்ல, டீசர்ட் இல்ல, ஒண்ணுமே இல்ல, ஆனா பலகையோட்டி.

– மு.

---

சக்கரப்பலகைன்னா எனக்கு சக்கரைப்பொங்கல் வாசனை அடிக்குது. பரவாயில்ல, சப்பாத்திக்கு இது மேல். முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் சறுக்குப்பலகைன்னும் சொல்வாங்கன்னு ஒரு வரி போட்டுடும், தேடுறவங்களுக்கு உதவும்.

– கோ.

---

பலகைதூக்கி சூப்பர் தம்பி. ஆனா ஒரு சந்தேகம். த்ராஷர் டீசர்ட் போட்டுட்டு திரியுறாங்களே, 1981ல இருந்து வர்ற ஸ்கேட் பத்திரிகை அதுன்னு கூடத் தெரியாம, தீப்பிடிச்ச எழுத்து அழகா இருக்குன்னு வாங்கினவங்க. அவங்க கையில பலகையே இல்லையே, எதைத் தூக்குறாங்க?

– செ.

---

அக்கா, ஒரு கட்சிக்குக் கொடி பிடிக்கிறான்னு சொல்றோம், அவன் கையில எப்பவுமா கொடி இருக்கு? அந்த மாதிரி எடுத்துக்க வேண்டியதுதான். அப்படியும் ஒத்துக்கலன்னா அவங்களுக்கு மட்டும் உங்க சீன் பார்ட்டியைக் கடன் வாங்கிக்கிறேன், ஆசிரியர் வெட்டினா உங்ககிட்ட அனுப்பி வைக்கிறேன், நீங்க பேசிக்கோங்க.

– மு.