குப்புசாமி என்ற பெயர் பற்றி விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பையன் பிறந்து பத்து நாள் ஆகிறது. தாத்தா பெயரைத் தாங்குவதால்தானே பெயரன், அதாவது பேரன் என்கிறோம். அதனால் அப்பாவுக்குத் தன் பெயரையே வைக்க ஆசை. பெயர் குப்புசாமி. மனைவி கேட்டதும் சிரித்துவிட்டாள்.

அத்தை சொன்ன கதை இது: அப்பாவுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் இவரைக் குப்பைமேட்டில் கிடத்தி, பிறகு எடுத்து வந்து இந்தப் பெயர் வைத்தார்களாம். வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவானாம்! குப்பன், குப்பம்மாள், பிச்சை எல்லாம் இதே வழியில் வருகிற பெயர்கள்தான். மூக்குக் குத்தினால் மூக்கன், மூக்கையா. தவிட்டுக்கு விற்று வாங்கினால் தவிடன். பிள்ளைச் சாவு குறையக் குறைய இந்தப் பெயர்களும் அருகிவிட்டன. குப்புசாமி என்று இப்போது பள்ளிக்கூடத்தில் யாரையும் பார்ப்பதில்லை. பிச்சை மட்டும் சுந்தர் பிச்சையால் உலகம் சுற்றுகிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. உங்கள் ஊர்ப்பக்கம் குப்புசாமி என்ற பெயருக்கு வேறு காரணம் சொல்வார்களா, குலதெய்வம் ஏதாவது? அப்புறம், அப்பா மனம் நோகாமல் இந்தப் பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்தவர்கள் இருந்தால் எப்படி வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். 'குபேஷ்' வேண்டாம், அதை மச்சான் ஏற்கெனவே சொல்லித் திட்டு வாங்கிவிட்டான்.