ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுடன் கட்டடம் பார்க்கப் போறோம், எதைக் கவனிக்கச் சொல்லலாம்?

சிப்புட்_டீச்சர்:
சுங்கை சிப்புட்டில் இருந்து ஒருநாள் பயணம், வேன் ஒன்று. கோலகங்சார் உபுடியா பள்ளிவாசல், ஈப்போ ரயில் நிலையம், கெல்லி கோட்டை மூன்றும் பட்டியலில் இருக்கு. "அழகா இருக்கு"ன்னு செல்ஃபி எடுத்துட்டு வேனில் ஏறிடாம, பிள்ளைகள் உருப்படியா எதைப் பார்க்கணும்?

செங்கல்சூளை:
டீச்சர், மூன்றும் போகலாம், ஆனா நேரத்தைச் சமமாப் பிரிக்காதீங்க. பாதி நாளைக் கெல்லி கோட்டைக்குக் கொடுங்க. பாடம் நடத்த அதுதான் தோது, பாதியில் நின்ன கட்டடம் ஆச்சே. 1915-ல் தொடங்கின வேலை, தோட்ட முதலாளி கெல்லி ஸ்மித் 1926-ல் லிஸ்பனில் இறந்ததும் நின்னுபோச்சு. மதராஸிலிருந்து வந்த கைவினைஞர்கள் உழைப்பு அது. மின்தூக்கிக்கு விட்ட கூடு இன்னும் வெறுமையாத்தான் இருக்கு.

பூச்சு இல்லாத வளைவு கிடைச்சா அங்கே நிறுத்துங்க. செங்கல் படுக்கையா இல்லாம, விசிறி மடிப்பு மாதிரி நிமிர்ந்து நிக்கும். மேலே உள்ள பாரம் நடுவில் இறங்காம இரண்டு பக்கமும் பிரிஞ்சு போறது அதனாலதான். பக்கச் சுவரை வெளியே தள்ளவும் பார்க்கும், அதான் ஓரச் சுவர் தடிமனா வேணும்.

அடுத்தது சுவரின் அடிப்பாகம். வெள்ளையா உப்பு பூத்திருந்தா தரை ஈரம் மேலே ஏறுதுன்னு அர்த்தம். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுடும். ரிப்பேர்னு சொல்லி அதுமேல சிமெண்டு பூசினா ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூச்சு பாளம் பாளமா உரியும், கூடவே செங்கலையும் பெயர்க்கும். பழைய கட்டடங்களைக் கெடுக்கிறது பாதி நேரம் மழை இல்ல, இந்த மாதிரி அவசர வைத்தியம்தான்.

தச்சுப்பட்டறை:
உபுடியாவும் ஈப்போ நிலையமும் கட்டடக் கலைஞர் ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைஞ்சது, இரண்டும் முடிஞ்சது 1917-ல். குவிமாடம், வளைவு இரண்டிலும் எப்படி மாறி வருதுன்னு பிள்ளைகளை வரையச் சொல்லுங்க. உபுடியாவுக்கு வந்த இத்தாலிப் பளிங்கை யானைகள் சண்டை போட்டு மிதிச்சு உடைச்ச கதையும் சொல்லிடுங்க, சிறுசுகள் மறக்காதுங்க.

உபுடியாவுக்குப் பக்கத்திலேயே புக்கிட் சந்தானில் இஸ்தானா கெனாங்கான் இருக்கு, எல்லாரும் விட்டுட்டு வந்துடறாங்க. 1926-ல் ஆணி இல்லாம எழுப்பின மர அரண்மனை. ஒரு மரத்தின் நாக்கை இன்னொன்றின் துளையில் விட்டு இறுக்கின வேலை. நம்ம ஈரக் காற்றில் மரம் உப்பும், சுருங்கும். இறுக அடிச்ச இரும்பாணி துருப்பிடிக்கும், மரத்தையும் பிளக்கும். சுவரெல்லாம் மூங்கில் பின்னல், மஞ்சள், கறுப்பு, வெள்ளையில் சாய்சதுர வடிவம். உள்ளே விடுவாங்களான்னு முன்கூட்டியே கேட்டுக்குங்க, விடாட்டாலும் பார்க்க வேண்டியது வெளியேதான் இருக்கு.

கேமரா_அண்ணாச்சி:
பள்ளிவாசலுக்குக் காலையில் போங்க. நம்ம மலேசியாவில் தொழுகைத் திசை மேற்கு, கொஞ்சம் வடக்கே சாய்ஞ்சது. அதனால எதிர்ப் பக்கத்துக்குக் காலை வெளிச்சம். வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம். போனை அண்ணாந்து பிடிச்சா கோபுரமெல்லாம் பின்னால சாயும். தூரமாப் போய், போனை நிமிர்த்தி எடுத்து, கீழே மிஞ்சுற தரையை வெட்டிடுங்க.

சிப்புட்_டீச்சர்:
நன்றி. போறதுக்கு முன்னாடி ஊரிலேயே ஒரு பயிற்சி கொடுக்கலாமா?

செங்கல்சூளை:
தாராளமா. பழைய கடைவரிசை அஞ்சடி போதும், அதான் கடை முன்னால கூரை போட்ட நடைபாதை, ஒரு அளவு டேப் எடுத்துக்குங்க. பேர் அஞ்சடி, அதாவது ஒன்றரை மீட்டர். கடைக்குக் கடை அளந்தா கூடும், குறையும். தரை மட்டமும் ஒன்னா இருக்காது, ஒவ்வொருத்தரும் தனித்தனியா உயர்த்தியிருப்பாங்க, ஓட விடாதீங்க. வெயில் எதுவரை உள்ளே வருது, கூரைத் தண்ணி எங்கே விழுதுன்னு குறிக்கச் சொல்லுங்க. சில கடைகளின் முகப்பு உச்சியில் கட்டின வருஷம் இருக்கும். கடைப்பலகை மறைச்சிருந்தா எதிர் வரிசையில் நின்னு பாருங்க.