கலைச்சொல் தேவை: மெய்க் காட்சிகளால் பொய் சொல்லும் படத்தொகுப்பு

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, ஊடகக் கல்விப் பாடம் ஒன்று வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். அமெரிக்கத் துப்பாக்கி வன்முறை பற்றிய ஆவணப்படங்கள்தாம் பொருள். ‘டிசெப்டிவ் எடிட்டிங்’ என்பதில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ‘பவுலிங் ஃபார் கொலம்பைன்’ (2002) படத்தில், 1999 ஏப்ரல் 20 பள்ளிப் படுகொலையை அடுத்து, துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் அன்றைய தலைவர் சார்ல்டன் ஹெஸ்டன் துப்பாக்கியை உயர்த்தி முழங்குகிறார். உடனே அவரது டென்வர் உரை. சங்கத்தின் டென்வர் கூட்டம் 1999 மே 1. முழக்கமோ மறு ஆண்டு சார்லட் நகரில். துண்டுகள் மெய், ஒட்டியதும் வேறு கதை. ‘ஏமாற்றுப் படத்தொகுப்பு’ என்று எழுதிவைத்தேன். வாய்க்குள் நுழையவில்லை.

புலவர்:
செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளாக நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோளில் ‘கொண்டுகூட்டு’ இருக்கிறதே! பல அடிகளில் கிடக்கும் சொற்களை எடுத்துக் கூட்டிப் பொருள் கொள்வது. அடிக்குப் பதில் காட்சி, அவ்வளவுதான்.

ஆசிரியை:
ஐயா, கொண்டுகூட்டினால் புலவன் கருதிய பொருள் கிடைக்கும். இங்கே கூட்டுவதால்தான் பேசியவர் கருதியது தொலைகிறது. நன்னூல் எழுதிய பவணந்தியாரைக் குற்றக்கூண்டில் ஏற்ற வேண்டாம். ‘எடிட்டிங் மோசடி’ என்றால் கடைசி வரிசைக்கும் புரியும்.

படத்தொகுப்பாளர்:
மோசடி என்பது தீர்ப்பு, கலைச்சொல் அல்ல. ‘அண்டர் த கன்’ (2016) படத்தில், துப்பாக்கி வாங்குவோருக்குப் பின்புலச் சோதனை இல்லாவிட்டால் குற்றவாளி கையில் துப்பாக்கி போவதை எப்படித் தடுப்பீர்கள் என்று வர்ஜீனியாத் துப்பாக்கி உரிமைக் குழுவினரைக் செய்தியாளர் கேட்டி கூரிக் கேட்கிறார். விடையில்லாமல் விழிப்பதுபோல் முகங்கள், சில நொடி மௌனம். உண்மையில் உடனே பதில் சொன்னார்கள். அந்த மௌனம், ஒலிக்கருவியைச் சரிபார்க்கச் சும்மா உட்காரச் சொன்னபோது எடுத்தது. குழுவே வைத்திருந்த ஒலிப்பதிவு வெளிவந்ததும் குட்டு உடைந்தது. பார்வையாளர் கேள்வியை யோசிக்கத்தான் இடைவெளி விட்டேன் என்றார் இயக்குநர். குழு தொடுத்த அவதூறு வழக்கு 2017இல் தள்ளுபடி; மேல்முறையீடும் 2018இல் தோற்றது. நோக்கம் எதுவானாலும் விளைவு நம் கண்முன் இருக்கிறது. ‘தொகுப்புத் திரிபு’ என்போம். இதைச் ‘சார்பு’ என்பதோடு குழப்பாதீர்கள். சார்போடு எடுத்தவரும் எதையும் திரிக்காமல் நம் மனத்தை மாற்றலாம், அது வாதத்திறம்.

புலவர்:
திரிபா? சொற்கள் சேரும்போது வரும் தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் விகாரம். இல்லாத மௌனம் நுழைந்தது தோன்றல். பதிலை வெட்டியது கெடுதல். ஆகவே ‘தொகுப்பு விகாரம்’ என்பதே முறை. இன்னொன்று: சுந்தரர் தமக்கு அடிமை என்று கிழவராக வந்த சிவன் ஓலை காட்டினாரே, அதில் சுந்தரர் கிழித்தது படியோலை, மூலவோலை கிழவரிடம் பத்திரமாக இருந்தது. அந்த ஒலிப்பதிவும் மூலவோலைதான். வெட்டாத முழுப் பதிவுக்கு ‘மூலவோலை’ என்றே பெயர் வைக்கலாம்.

ஆசிரியை:
விகாரம் என்றால் பிள்ளைகள் அசிங்கம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஓலைக்கு இப்போது நேரமில்லை, ஐயா.

படத்தொகுப்பாளர்:
மூலவோலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எடிட்டிங் அறையில் எவரும் சொல்லமாட்டார்கள், ‘ஃபுட்டேஜ்’தான்.

மொழிபெயர்ப்பாளர்:
எனக்கு ‘தொகுப்புத் திரிபு’ பொருத்தமாகப் படுவதால் அதையே இடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘எடிட்டிங்’ என்பதையும் சேர்க்கிறேன்.

புலவர்:
இடுங்கள். என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். ஹெஸ்டன் பேச்சில் இடம் மாறியிருக்கிறது, கூரிக் படத்தில் இல்லாதது முளைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது இலக்கணமல்ல.

ஆசிரியை:
‘தொகுப்புத் திரிபு’ என்பதைச் சேர்த்து எழுதப் போகிறீர்களா, பிரித்தா?