வேலையை விட்டு மலைக்குத் திரும்புகிறேன்: கம்பெனி இன்சூரன்ஸை விடுவதா, கூடவே கொண்டுவருவதா?

கீழ்க்கோத்தகிரிக்காரன்:
கோவையில் ஒரு கம்பெனியில் ஆறு வருட வேலை. அடுத்த மாதம் 30-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டு ஊருக்கு வருகிறேன். அப்பாவுக்கு முட்டி போய்விட்டது, ஒன்றரை ஏக்கர் தேயிலையைப் பார்க்க ஆள் இல்லை. கூடவே இரண்டு அறை ஹோம்ஸ்டே நடத்தலாம் என்று எண்ணம். கம்பெனி குரூப் பாலிசியில் நான், மனைவி, அப்பா, அம்மா நான்கு பேரும் 5 லட்சத்துக்கு இருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு பிரஷர். கடைசி வேலை நாளோடு எல்லாம் நின்றுவிடும் என்று மெயில் வந்துவிட்டது. வெளியே புதிதாக எடுக்க விசாரித்தால் நான்கு பேருக்கும் வருடத்துக்கு 58,000 சொல்கிறார்கள். எடுக்கலாமா, இல்லை முதல்வர் காப்பீட்டு அட்டை போதுமா?

நாலு ஏக்கர்:
தம்பி, 58,000 ரூபாய்க்கு எத்தனை கிலோ பச்சை இலை பறிக்க வேண்டும் என்று முதலில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். இன்சூரன்ஸ்காரர்கள் கொடுக்கும் ஆஸ்பத்திரிப் பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள், பெரிய பெயர் எல்லாம் கோவையில்தான் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் கோத்தகிரி ஜி.ஹெச்சுக்குத்தான் ஓடப்போகிறீர்கள். 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கையோடு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே திறந்துவிட்டார்கள். முதல்வர் அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. 2019-ல் என் வீட்டம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்தது கோவையில், தனியார் ஆஸ்பத்திரியில், அந்த அட்டையில்தான். சிகிச்சைக்கு ஒரு பைசா கேட்கவில்லை. அந்த 58,000-ஐ வருடா வருடம் போஸ்ட் ஆபீசில் போடுங்கள். ஐந்து வருடத்தில் வட்டி இல்லாமலே 2,90,000. உங்கள் பணம், உங்கள் கையில்.

குன்னூர் மழை:
எடுப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசலாம். கீழ்க்கோத்தகிரிக்காரரே, நீங்கள் புதுப் பாலிசிக்கு விலை கேட்டிருக்கிறீர்கள். அதுவே தப்பான இடத்தில் தொடங்குவது. குரூப் பாலிசியில் இருப்பவர் வேலையை விடும்போது அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கோ ஃபேமிலி ஃப்ளோட்டருக்கோ (குடும்பம் முழுவதற்கும் ஒரே பாலிசி) மாறிக்கொள்ள, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதியில் இடம் இருக்கிறது. இதை மைக்ரேஷன் என்பார்கள். குடும்பத்தினருக்கும் பொருந்தும். மாறினால் இதுவரை கழித்த வருடங்கள் கூடவே வரும். ஏற்கனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குக் கிளெய்ம் கிடைக்காத காலம், இப்போது அதிகபட்சம் 36 மாதம். உங்கள் அப்பா குரூப்பில் எத்தனை வருடம் இருக்கிறார்? மூன்றைத் தாண்டியிருந்தால் சர்க்கரைக்காக அவர் மறுபடி காத்திருக்க வேண்டாம். புதிதாக எடுத்தால் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

நாலு ஏக்கர்:
ஏஜென்ட் வந்துவிட்டார்.

குன்னூர் மழை:
ஏஜென்ட் இல்லை அண்ணா. பதினோரு வருடம் ஹெச்ஆரில் இருந்தேன். லேப்டாப், ஐ.டி. கார்டு எல்லாம் திருப்பி வாங்க ஒரு படிவம் இருந்தது. இன்சூரன்ஸைக் கூட எடுத்துப் போகலாம் என்று சொல்ல அதில் ஒரு வரிகூட இல்லை. நானே ஆறாவது வருடம்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு முன்பு போனவர்களை நினைத்தால் இன்றும் உறுத்தும்.

கீழ்க்கோத்தகிரிக்காரன்:
அப்பா, அம்மாவைச் சேர்த்து நான்கு வருடம் ஆகிறது. அப்படியானால் தப்பித்தோமா? எடுப்பதே எடுக்கிறோம், 10 லட்சமாக எடுக்கலாம் என்றும் நினைத்தேன் அக்கா.

குன்னூர் மழை:
அங்கேதான் கவனம். சீனியாரிட்டி, அதாவது இதுவரை கழித்த வருடங்களின் கணக்கு, பழைய 5 லட்சத்துக்கு மட்டும்தான் வரும். கூட்டிய 5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். மைக்ரேஷன் என்றால் கம்பெனி விலை கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள். வெளிச்சந்தை விலைதான், உடல் பரிசோதனையும் கேட்கலாம். பிரசவச் செலவு குரூப்பில் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கும். தனிப் பாலிசியில் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் காத்திருக்க வேண்டும். வீட்டில் அந்த யோசனை இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள். ஒரே ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. முன்பு 18 சதவீதம்.

டெஸ்க் நம்பர் 3:
ஊர் அரவேணு. கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருக்கிறேன். நாலு ஏக்கர் ஐயா சொல்வது பொய்யில்லை. முதல்வர் அட்டையோடு வருபவர்களை தினமும் பார்க்கிறேன், நிறையப் பேர் பைசா கட்டாமல் வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் அந்த அட்டை பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் செல்லும். ஆஸ்பத்திரியும் அந்தச் சிகிச்சைக்கு அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். கூடலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் மார்ச்சில் பெங்களூரு வேலையை விட்டார். ஜூலையில் நிதானமாகப் புதுப் பாலிசி எடுத்தார். படிவத்தில் சர்க்கரை, பிரஷர் எல்லாம் நேர்மையாக எழுதியிருந்தார். ஆகஸ்டில் நெஞ்சுவலி. காத்திருப்புக் காலம் என்று கிளெய்ம் திரும்பிவிட்டது. ஐந்து வருடம் குரூப்பில் இருந்தவர், நடுவில் விட்ட நான்கு மாதத்தில் அத்தனையும் போனது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுத்தான் பில் கட்டினார்கள். அந்தக் கடிதத்தை அவர் மனைவியிடம் படித்துக் காட்டியது நான்.

நாலு ஏக்கர்:
அவரிடம் முதல்வர் அட்டை இருந்திருந்தால்?

டெஸ்க் நம்பர் 3:
இருந்திருந்தால் நல்லதுதான் ஐயா. ஆனால் வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ. சான்று இல்லாமல் அட்டை வராது. பெங்களூரு சம்பளக்காரருக்கு யார் தருவார்கள்?

நாலு ஏக்கர்:
வேலையை விட்ட பிறகு என்ன சம்பளம்? ஒன்றரை ஏக்கரில் வருகிற வருமானம் எனக்குத் தெரியும்.

குன்னூர் மழை:
ஹோம்ஸ்டேயும் நடத்தப்போகிறார் அண்ணா. சீசனில் இரண்டு அறை நிரம்பினால் அந்த வரம்பு எத்தனை மாதம் தாங்கும்? சான்றில் ஒன்று, போர்டில் ஒன்று என்று எழுதச் சொல்கிறீர்களா?

நாலு ஏக்கர்:
அப்படிச் சொல்லவில்லை அம்மா. அறை நிரம்பட்டும், அப்புறம் பாலிசி எடுக்கட்டும் என்கிறேன். வருமானம் வரும் முன்னே 58,000 கட்டச் சொல்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

டெஸ்க் நம்பர் 3:
அறை நிரம்பும் வரை அவர் அப்பாவின் சர்க்கரை காத்திருக்குமா ஐயா?

லயன் வீட்டுப் பெண்:
நான் கூடலூர்ப் பக்கம், எஸ்டேட்டில் பிறந்தவள். எங்களுக்கு வேலை இருக்கும்வரை தோட்ட ஆஸ்பத்திரி. அப்போது இருந்த 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி மருத்துவ வசதி தர வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தது. அப்பா ஓய்வு பெற்ற அன்று எஸ்டேட் கொடுத்த லயன் வீடும் போனது, அந்த ஆஸ்பத்திரியும் போனது. மைக்ரேஷன், சீனியாரிட்டி என்று பேச எங்களிடம் என்ன பாலிசி இருந்தது? எங்களைக் காப்பாற்றியது முதல்வர் அட்டைதான். அதிலும் ஒரு சிக்கல். அம்மா பெயர் இன்னும் பாட்டி வீட்டு ரேஷன் கார்டில் இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருக்க, நான் தாலுகா ஆபீசுக்கு நடந்தேன். தம்பி எதை எடுத்தாலும் சரி, ரேஷன் கார்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள்.

ரூம் நம்பர் 12:
நடுவில் ஒரு கேள்வி. ஊட்டியில் ஒரு ரிசார்ட்டில் இருக்கிறேன், சம்பளம் 17,500. எனக்கு குரூப் பாலிசி எல்லாம் இல்லை, இ.எஸ்.ஐ. மட்டும்தான். அக்டோபர் முதல் வாரத்தில் நின்றுவிடுவேன். எனக்கும் அன்றே முடிந்துவிடுமா?

குன்னூர் மழை:
இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்குக் குறையாமல் சந்தா கட்டியிருந்தால், அதற்கான பயன் காலம் ஜனவரியில் தொடங்கி ஜூன் 30 வரை. வேலை இல்லாவிட்டாலும் அதுவரை மருத்துவம் உண்டு. கார்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஐந்து வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு வயதில் வெளியே வருபவர்கள் வருடத்துக்கு 120 ரூபாய் கட்டி, கணவன் மனைவி இருவரும் தொடரலாம். 120 என்பது எழுத்துப் பிழை இல்லை.

நாலு ஏக்கர்:
இதுதான் திட்டம்! 120 ரூபாய்! தம்பி, உங்களுக்கு ஏன் இ.எஸ்.ஐ. இல்லை?

கீழ்க்கோத்தகிரிக்காரன்:
சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. கிடையாது ஐயா. சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். நேற்று ஹெச்ஆருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மைக்ரேஷன் கேட்டு மெயில் போட்டேன். ஹெச்ஆர் பையனுக்கு அந்த வார்த்தையே புதிது. இன்சூரன்ஸ் கம்பெனி விலை அனுப்பிவிட்டது: அதே 5 லட்சம், நான்கு பேருக்கும் 49,000. ஊர் கோத்தகிரி என்பதால் குறைந்த மண்டல விலையாம்.

டெஸ்க் நம்பர் 3:
நில்லுங்கள். மண்டலத்தைப் பற்றி கீழே ஏதாவது எழுதியிருக்கிறதா? சில பாலிசிகளில் குறைந்த மண்டல விலை கட்டிவிட்டுப் பெரிய நகரத்தில் சேர்ந்தால் பில்லில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும். மலைக்காரர்கள் எல்லாம் இதில்தான் மாட்டுகிறார்கள். விலாசம் மேலே, வைத்தியம் கீழே.

கீழ்க்கோத்தகிரிக்காரன்:
இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன். கோவையில் சேர்ந்தால் 20 சதவீதம் நாங்கள் கட்ட வேண்டும். கோவை மண்டல விலை 53,500.

நாலு ஏக்கர்:
பார்த்தீர்களா!

குன்னூர் மழை:
பார்த்ததால்தானே அண்ணா தெரிந்தது. வித்தியாசம் 4,500. இரண்டு லட்சம் பில் வந்தால் 20 சதவீதம் என்பது 40,000. தம்பி, கோவை விலைக்கே போங்கள். கம்பெனி பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது வேறு கம்பெனிக்கு போர்ட் செய்யலாம், அப்போதும் வருடங்கள் கூடவே வரும். ஆனால் விண்ணப்பம் 30-ஆம் தேதிக்கு முன்பே அவர்கள் கையில் இருக்க வேண்டும். ரிலீவ் ஆன பிறகு கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

நாலு ஏக்கர்:
நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வயதான இரண்டு பேருக்கு மட்டும் எடுத்தால் போதாதா? உங்களுக்கும் மனைவிக்கும் என்ன அவசரம், முப்பது முப்பத்தைந்து வயது இருக்குமா?

கீழ்க்கோத்தகிரிக்காரன்:
முப்பத்தாறு ஐயா. நானும் அப்படித்தான் நினைத்தேன். மனைவி விடவில்லை. போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் காட்டெருமை முட்டிய ஆளுக்கு வயது இருபத்தொன்பது என்றாள்.

நாலு ஏக்கர்:
அதற்கு நான் பதில் சொல்ல முடியாது.

கீழ்க்கோத்தகிரிக்காரன்:
நான்கு பேருக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டேன். அப்பாவுக்கு மட்டும் வியாழக்கிழமை மேட்டுப்பாளையத்தில் ஒரு லேப்பில் பரிசோதனை. வெறும் வயிற்றில் வர வேண்டுமாம்.

நாலு ஏக்கர்:
சர்க்கரைக்காரரை வெறும் வயிற்றோடு மலை இறக்கப்போகிறீர்களா? முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். பையில் இட்லி இருக்கட்டும், ரத்தம் எடுத்த கையோடு கொடுங்கள். குஞ்சப்பனை வரை பேசாமல் வருவார், அதற்குக் கீழே டீ கேட்பார். வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.